ஹான்ஸ் பைம்லர்: மியூனிக் ஃபிட்டர், டாஹாவ் கைதி, மாட்ரிட் போராளி (விவாத இழை)

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, ஸ்பானிய உள்நாட்டுப் போரைப் பற்றி இங்கே பேச்சு வரும்போதெல்லாம் அது எழுத்தாளர்கள், கவிஞர்கள் பக்கமே போய் நின்றுவிடுகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் ராணுவக் கலகத்துக்கு எதிராக ஸ்பானியக் குடியரசைக் காக்கப் போனார்கள். பெரும்பாலோர் உழைத்துப் பிழைத்தவர்கள். ஜெர்மனியிலிருந்து போனவர்கள் மட்டும் 3,000 முதல் 5,000 வரை இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த ஜெர்மானியர்களில் ஒருவர் ஹான்ஸ் பைம்லர். தமிழில் அவரைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தால் அதில் மூன்று வரி அவர் இறந்ததைப் பற்றித்தான் இருக்கிறது. வாழ்ந்ததைப் பற்றிப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

பிறப்பு 1895 ஜூலை 2, மியூனிக். தாய்க்குத் திருமணம் ஆகியிருக்கவில்லை. செக் எல்லைப் பக்கம் உள்ள வால்ட்துர்ன் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டி வளர்த்தார்கள். ஃபிட்டர் வேலை கற்றார். முதல் உலகப் போரில் கடற்படை. கண்ணிவெடி அகற்றும் கப்பலில் பணி. 1918 நவம்பரில் ஜெர்மன் புரட்சிக்குத் தீ வைத்தவர்களே கடற்படை மாலுமிகள்தாம். ஊர் திரும்பியவர் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1919 வசந்தத்தில் மியூனிக்கில் சில வாரங்களே நீடித்த பவேரிய சோவியத் குடியரசுக்காக ஆயுதம் ஏந்தினார். அரசுப் படைகள் நகருக்குள் புகுந்தபோது 600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1921இல் மத்திய ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி. அதை அடக்கப் போகும் படை ரயிலை நிறுத்த ஒரு பாலத்தைத் தகர்க்கத் திட்டமிட்டதாக வழக்கு. இரண்டு ஆண்டு சிறை. வெளியே வந்ததும் மியூனிக்கில் கிராவுஸ் ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை, தொழிற்சங்கம், கட்சி. 1932இல் பவேரிய சட்டமன்றத்துக்கும், பிறகு ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாகுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமர் ஆகிறார். இரண்டே வாரம் கழித்து, பிப்ரவரி 12, மியூனிக்கின் சர்க்கஸ் குரோனே அரங்கில் பைம்லர் பேசுகிறார். பேச்சின் முடிவில் சொன்னது: "டாஹாவில் மீண்டும் சந்திப்போம்!" அன்று டாஹாவில் முகாம் எதுவும் கிடையாது. 1919 ஏப்ரலில் செம்படைத் தொழிலாளர்கள் அரசுப் படையை விரட்டியடித்த, மியூனிக்குப் பக்கத்து ஊர் அது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அந்த வெற்றிதான் நினைவுக்கு வந்திருக்கும்.

மார்ச் 22இல் அதே டாஹாவில் வதை முகாம் திறந்தார்கள். ஏப்ரல் 11இல் பைம்லர் கைது. போலீஸ் தலைமையகத்தில் அடித்து நொறுக்கிவிட்டு ஏப்ரல் 25இல் டாஹாவுக்குக் கொண்டுபோனார்கள். "மனமார்ந்த வரவேற்பு" என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டி இறக்கினார்களாம். அந்த மேடைப் பேச்சை முகாமைக் காத்த நாஜி எஸ்.எஸ். படை ஆட்கள் மறந்திருக்கவில்லை.

தனிக்கொட்டடி. அடி. பிறகு, நீயே செத்துப்போ என்று கயிறும் கத்தியும் கொடுக்கிறார்கள். அதே முகாமில் அடைபட்டிருந்த பவேரிய சட்டமன்றத் தோழர் ஃபிரிட்ஸ் ட்ரெஸ்ஸல், மணிக்கட்டு அறுபட்ட நிலையில் பிணமாகக் கிடந்ததைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். தற்கொலை என்று பதிவு செய்தார்கள். அடுத்தது நீ என்பதைச் சொல்ல அவர்களுக்குத் தெரிந்த வழி அது. மே 8 இரவு விடிவதற்குள் பைம்லர் தப்பிவிட்டார். மியூனிக்கில் ஒளிந்திருந்து, எல்லை கடந்து, மாஸ்கோ போய்ச் சேர்ந்தார். ஆகஸ்ட் மாதமே அவர் எழுதிய சிறு நூல் அங்கே அச்சாகி வந்தது. டாஹாவுக்குள் என்ன நடக்கிறது என்று உள்ளே இருந்தவர் எழுதி வெளியுலகுக்கு வந்த முதல் சாட்சியங்களில் அது ஒன்று. ஆங்கிலம் உட்படப் பல மொழிகளுக்குப் போனது.

ஸ்பெயினில் அவர் செய்ததை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனாலும் என் கணிப்பில் அவர் வாழ்க்கையின் ஆகப்பெரிய செயல் அந்தச் சிறு நூல்தான். 1933 ஆகஸ்டிலேயே உலகத்துக்குச் சொல்லியாகிவிட்டது. போருக்குப் பிறகு "எங்களுக்குத் தெரியாது" என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் எதிரான ஆவணம் அது. பின்னால் வந்தவர்கள் அவருக்குச் சிலை வைத்தார்கள், தெருவுக்குப் பெயர் வைத்தார்கள், அந்த நூலை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

பழைய கம்பாசிட்டர்

வைகைக்கரை தம்பி, நல்ல இழை. ஒரு இடத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

//ஆகப்பெரிய செயல் அந்தச் சிறு நூல்தான்//

நூலை எழுதிவிட்டு மாஸ்கோவிலோ சூரிச்சிலோ உட்கார்ந்திருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். 1936 ஜூலையில் ராணுவத் தளபதி ஃபிராங்கோ குடியரசுக்கு எதிராகக் கலகம் செய்கிறார். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே பைம்லர் பார்சிலோனாவில் நிற்கிறார். சர்வதேசப் படையணி என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை.

அங்கே முதலில் திரண்டவர்கள் யார் தெரியுமா? ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்குக்கு எதிராக ஜூலையில் பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக் நடத்த ஏற்பாடாகியிருந்தது. அதற்கு வந்த, நாடு கடந்து வாழ்ந்த ஜெர்மன் விளையாட்டு வீரர்களும் இருந்தார்கள். போட்டி தொடங்க வேண்டிய நாளில் தெருவில் துப்பாக்கிச் சண்டை. ஊருக்குத் திரும்பாமல் அங்கேயே ஆயுதம் எடுத்தவர்களோடு மற்ற அகதிகளும் சேர்ந்து உண்டானதுதான் தேல்மன் செஞ்சுரியா என்ற சிறு படை. எர்ன்ஸ்ட் தேல்மன் அப்போது ஹிட்லரின் சிறையில் இருந்த கட்சித் தலைவர். அரகோன் முனையில் தார்தியென்தா என்ற ஊரில் அந்தச் சின்னப் படை பாதி அழிந்தது. மிஞ்சியவர்களை முதுகெலும்பாக வைத்துத்தான் பின்னால் தேல்மன் பட்டாலியன் உருவானது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 1936 நவம்பரில் மாட்ரிட் மேல் குண்டு போட்டது ஹிட்லர் அனுப்பிய விமானங்கள். மேலே இருந்து குண்டு வீசியவனும் ஜெர்மானியன், கீழே பதுங்குகுழியில் கிடந்தவனும் ஜெர்மானியன். தன் நாட்டில் நடந்திருக்க வேண்டிய சண்டையை இவர்கள் அங்கே போய் நடத்தினார்கள். 1933இல் ஒரு வேட்டுச் சத்தம்கூடக் கேட்காமல் தோற்ற அவமானம் அந்தத் தலைமுறையை வாட்டியது.

---

முதுகலை மாணவி

வணக்கம். வரலாறு முதுகலை படிக்கிறேன், இங்கே அதிகம் எழுதியதில்லை. இரண்டு கேள்வி. அவர் "அரசியல் கமிஸார்" என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. படையில் அவருடைய அன்றாட வேலை என்ன? அடுத்து, டாஹாவில் ஒரு எஸ்.எஸ். காவலனைக் கழுத்தை நெரித்துக் கொன்று அவன் சீருடையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவந்தார் என்று படித்தேன். உண்மையா?

---

வைகைக்கரை

//கழுத்தை நெரித்துக் கொன்று//

அந்தக் கதை உலகம் சுற்றிய கதை. சில தகவல் நூல்களில்கூட ஏறிவிட்டது. ஆனால் பைம்லர் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. கொட்டடியின் சிறு ஜன்னலை அடைத்திருந்த பலகையை எடுத்துவிட்டு, அந்த இடுக்கு வழியாக உடம்பை நுழைத்து வெளியே வந்து, முள்வேலியையும் மதிலையும் தாண்டினார். மின்சாரம் பாயும் கம்பி, காவல், வெளிச்சம் எல்லாம் இருந்த இடத்தில் இரண்டு வாரம் அடிவாங்கிய உடம்போடு இதைச் செய்திருக்கிறார். இதற்குமேல் ஒரு கொலையும் சீருடையும் எதற்கு? சினிமாவுக்குப் பழகிய கண் உண்மையான துணிச்சலைப் பார்த்தால் போதாது என்கிறது.

உள்ளேயிருந்து யாராவது உதவியிருக்கலாம் என்ற பேச்சும் உண்டு. அப்படி இருந்திருந்தால் 1933இல் அச்சான நூலில் அந்தப் பெயரை எழுதியிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

கமிஸார் பற்றிப் பழைய கம்பாசிட்டர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பழைய கம்பாசிட்டர்

சொல்கிறேன் மகளே. கமிஸார் என்றதும் கொள்கை வகுப்பு எடுப்பவர் என்றுதான் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு, கட்சியின் கண்ணாக இருப்பதும் உண்டு. நாள் முழுக்க நடக்கும் வேலை வேறு. சூப்பு சூடாக முன்னணிக்கு வந்ததா, பூட்ஸ் கிழிந்தவனுக்கு மாற்று கிடைத்ததா, கடிதம் வந்ததா, ஏன் இந்தக் குன்றைப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்று விளக்குவது, நேற்று செத்தவனின் சாமான்களை எடுத்து வைப்பது. தளபதி "போ" என்று சொல்பவர். கமிஸார் முதலில் தான் போக வேண்டியவர். அதனால்தான் அந்தப் படையணிகளில் கமிஸார்கள் ஏராளமாகச் செத்தார்கள்.

பைம்லர் ஒரு பட்டாலியனின் கமிஸார் மட்டுமல்ல, ஜெர்மன் தொண்டர்கள் எல்லாருக்கும் கட்சியின் பொறுப்பாளர். அங்கே இருந்த சிக்கலைச் சொல்கிறேன். தேல்மன் பட்டாலியன் 12ஆம் படையணியில் இருந்தது. தளபதி "ஜெனரல் லூகாச்", இயற்பெயர் மாத்தே சால்கா, ஹங்கேரிக்காரர். பக்கத்துப் பட்டாலியன் கரிபால்டி, இத்தாலியர்கள். இன்னொன்று பிரெஞ்சு. நவம்பர் 13இல் மாட்ரிட்டுக்குத் தெற்கே செர்ரோ தெ லோஸ் ஆங்கெலெஸ் குன்றைத் தாக்கச் சொன்னார்கள். கட்டளை ஒரு மொழியில் புறப்பட்டு நான்கு மொழியில் போய்ச் சேர்கிறது. மேலே கெட்டியான மதில் கொண்ட மடம். அதை உடைக்கப் போதிய பீரங்கி இல்லை. தாக்குதல் தோற்றது. சில நாளில் இவர்களை மாட்ரிட் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு கட்டடத்தில் மாடி மாடியாக, அறை அறையாகச் சண்டை.

---

நெடுவழி

எல்லாரும் உருகி எழுதுகிறீர்கள். அவருடைய துணிச்சலில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றைத் தவிர்த்துவிட்டு இந்த வாழ்க்கையைப் பேச முடியாது.

//1933இல் ஒரு வேட்டுச் சத்தம்கூடக் கேட்காமல் தோற்ற அவமானம்//

ஏன் தோற்றார்கள்? 1928 முதல் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சி சமூக ஜனநாயகக் கட்சியை "சமூக பாசிஸ்டுகள்" என்றுதான் அழைத்தது. 1931 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஆகப்பெரிய மாநிலமான பிரஷ்யாவில் ஓட்டோ பிரவுன் தலைமையிலான சமூக ஜனநாயக அரசைக் கவிழ்க்க வலதுசாரிகளும் நாஜிகளும் சேர்ந்து ஒரு பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். கம்யூனிஸ்ட் கட்சி அதை எதிர்க்கவில்லை, "சிவப்பு வாக்கெடுப்பு" என்று பெயர் சூட்டி ஆதரித்தது! மாஸ்கோ சொன்னது, செய்தார்கள். 1932 நவம்பரில் கம்யூனிஸ்டுகளுக்கு 16.9 சதவீதம் வாக்கு. சமூக ஜனநாயகத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல். இரண்டும் சேர்ந்தால் நாஜிகளின் 33 சதவீதத்தை விட அதிகம். சேரவில்லை. பைம்லர் அந்தக் கட்சியின் பவேரியப் பொறுப்பில் இருந்தவர். அந்தக் கொள்கைக்கு அவரும் பொறுப்பு.

அடுத்தது மாஸ்கோ. ஹிட்லரிடமிருந்து தப்பி அங்கே போன ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர்கள் பலரை ஸ்டாலின் கொன்றார். ஹைன்ஸ் நொய்மன், ஹெர்மன் ரெம்மெலே, ஹூகோ எபர்லைன். பைம்லர் ஸ்பெயினில் சாகாமல் இருந்தால் அவருக்கு என்ன நேர்ந்திருக்கும்? அவருடைய சொந்த மகனே 1938இல் மாஸ்கோவில் "ஹிட்லர் இளைஞர் அமைப்பு" என்று ரகசியப் போலீஸ் ஜோடித்த பொய் வழக்கில் கைதானான். டாஹாவிலிருந்து தப்பியவரின் பிள்ளை, மாட்ரிட்டில் ஹிட்லரின் கூட்டாளிகளோடு சண்டையிட்டுச் செத்தவரின் பிள்ளை, ஹிட்லரின் ஆள் என்று குற்றச்சாட்டு!

---

பழைய கம்பாசிட்டர்

நெடுவழி, நீங்கள் சொன்ன எதையும் நான் மறுக்கப் போவதில்லை. மகன் கைதானதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஆனால் 1936 நவம்பரில் மாட்ரிட்டுக்கு வெளியே நின்றவன் முன்னால் இருந்த கணக்கு வேறு. ஹிட்லரும் முசோலினியும் ஃபிராங்கோவுக்கு விமானம், டாங்கி, ஆள் எல்லாம் அனுப்புகிறார்கள். பிரிட்டனும் பிரான்சும் "தலையிடாமை" என்று ஒப்பந்தம் போட்டுக் கதவை அடைக்கின்றன. குடியரசுக்குச் சொல்லும்படியான ஆயுதம் கொடுத்தது சோவியத் ஒன்றியம். தன்னால் முடிந்ததைக் கொடுத்தது மெக்சிகோ. துப்பாக்கி கொடுத்தவனின் கை கறையாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுக்க முடியுமா?

நவம்பர் 4இல் ஹாம்பர்க்கில் எட்கார் ஆந்த்ரே என்ற துறைமுகத் தொழிலாளர் தலைவரைக் கோடரியால் தலை வெட்டிக் கொன்றார்கள். நான்கே நாள் கழித்து, நவம்பர் 8, அவர் பெயர் தாங்கிய பட்டாலியன் மாட்ரிட் தெருவில் அணிவகுத்துப் போர்முனைக்குப் போனது. அந்த வரிசையில் நடந்தவனுக்கு ஸ்டாலினும் தெரியாது, 1931 வாக்கெடுப்பும் நினைவில் இருக்காது.

---

நெடுவழி

நடந்தவனுக்குத் தெரியாமல் இருக்கலாம் ஐயா. நடத்தியவர்களுக்குத் தெரியும். பைம்லர் இரண்டு வரிசையிலும் இருந்தவர். அதனால்தான் அவர் வாழ்க்கை எனக்கு இவ்வளவு கனமாகத் தெரிகிறது.

---

மியூனிக் தமிழன்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப மியூனிக்கில கன வருசமா இருக்கிறன். வைகைக்கரை அண்ணை எழுதினதைப் பாத்திட்டுச் சும்மா இருக்க ஏலாமல் எழுதிறன்.

டாஹாவ் எண்டது ஏதோ காட்டுக்குள்ள இருக்கிற இடம் எண்டு பலர் நினைக்கினம். மியூனிக் மத்தியில இருந்து எஸ்-2 ரயிலில ஏறினால் அரை மணித்தியாலமும் இல்லை. ஸ்டேசனில 726 பஸ். சனம் குடியிருக்கிற வீடுகள், பள்ளிக்கூடம், கடை எல்லாம் தாண்டித்தான் பஸ் போகும். அந்த நாளிலயும் முகாம் ஊருக்குப் பக்கத்திலதான் இருந்தது. ரகசியமும் இல்லை, முகாம் திறக்கிறதுக்கு முதலே ஹிம்லர் பத்திரிகையளைக் கூப்பிட்டு அறிவிச்சவர், அவர் அப்ப மியூனிக் போலீஸ் தலைவர்.

வாறவைக்கு ஒரு விசயம் சொல்ல வேணும். இப்ப போய்ப் பாக்கிற நீளமான கொட்டடிக் கட்டடம், இரும்புக் கேற், படுக்கைக் குடில்கள் இதொண்டும் பைம்லர் இருந்த முகாம் இல்லை. அதெல்லாம் 1936இலயும் அதுக்குப் பிறகும் கட்டினது. 1933இல இருந்தது முதல் உலகப் போர்க் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை. போருக்குப் பிறகு பூட்டிப் பாழாய்க் கிடந்த கட்டடங்களுக்குள்ள கைதியளை அடைச்சவங்கள். அதில ஒரு மூலையிலதான் பைம்லரின்ர கொட்டடி. நான் முதல் தடவை போகேக்க இப்ப உள்ள கொட்டடியில பைம்லர் இருந்த அறை எது எண்டு வழிகாட்டி அம்மாவைக் கேட்டனான். அவ என்னை வெளியில கூட்டிக்கொண்டு வந்து, வேலிக்கு அங்கால கையைக் காட்டி, "அந்தப் பக்கம், இப்ப ஒண்டும் மிச்சமில்லை" எண்டவ. பிறகு ஏப்ரல் 12, 1933இல சுட்ட நாலு இளைஞர்களின்ர பெயரைச் சொன்னவ: ருடோல்ஃப் பெனாரியோ, எர்ன்ஸ்ட் கோல்ட்மன், ஆர்தர் கான், எர்வின் கான். நாலு பேரும் யூதர். எஸ்.எஸ். முகாமைப் பொறுப்பெடுத்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பைம்லர் போய்ச் சேரேக்க முகாம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு விளங்கும்.

ஒரு சங்கதி இன்னும் ஒருத்தரும் எழுதேல்லை. ஸ்பெயினில தோத்துப் பிரான்சுக்குள்ள ஒதுங்கின ஜெர்மன் தொண்டர்களைப் பிரெஞ்சுக்காரர் கூர்ஸ், லெ வெர்னெ எண்ட முகாம்களில அடைச்சவை. 1940இல பிரான்ஸ் விழுந்தாப் பிறகு கனபேரைக் கெஸ்டாப்போ எண்ட நாஜி ரகசியப் போலீசிட்டக் குடுத்தாச்சு. அதில நிறையப் பேர் வந்து சேந்த இடம் டாஹாவ். அகதியாப் போனவன் எங்க போய் நிண்டாலும் அவனைப் பிடிச்சுக் குடுக்க ஒரு அரசாங்கம் இருக்கும்.

---

செந்தாழை

இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், சென்டாவின் பெயரை ஒருவரும் சொல்லவில்லையே?

சென்டா பைம்லர், ஹான்ஸின் இரண்டாவது மனைவி. வயதில் அவரைவிடப் பதினான்கு ஆண்டு இளையவர், தானும் கட்சிக்காரர். 1933 ஏப்ரல் 21இல் அவரையும் பிடித்தார்கள். ஹான்ஸ் தப்பியபோது சென்டா மியூனிக்கின் ஷ்டாடெல்ஹைம் சிறையில் இருந்தார். கணவன் ஓடிவிட்டான், நூல் எழுதி உலகத்துக்கே சொல்லிவிட்டான். ஆத்திரத்தைத் தீர்க்க மனைவி கையில் இருந்தார். வழக்கு இல்லை, தண்டனைக் காலம் இல்லை, "பாதுகாப்புக் காவல்" என்று பெயர். வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். பிறகு மோரிங்கன் என்ற பெண்கள் முகாமுக்கு மாற்றினார்கள். அங்கே இருக்கும்போதுதான் மாட்ரிட்டில் ஹான்ஸ் கொல்லப்பட்ட செய்தி வந்தது. 1937 தொடக்கத்தில் விடுதலை செய்தார்கள். பணயமாக வைத்திருக்க இனி ஆள் இல்லை, அதனால் விட்டார்கள்.

அந்த விடுதலையை யோசித்துப் பாருங்கள். முகாமின் கதவு திறப்பதற்குக் காரணம் கணவனின் சாவு.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். ஹான்ஸ் நாடு கடந்து இருந்த காலத்தில் சூரிச்சில் அந்தோனியா ஷ்டெர்ன் என்ற பெண்ணோடு உறவு கொண்டிருந்தார். அவரைத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நான்கு ஆண்டு உள்ளே கிடந்தவரின் கணக்கையும் அதே பக்கத்தில் எழுதுங்கள் என்கிறேன். சென்டா போருக்குப் பிறகு மியூனிக்கிலேயே வாழ்ந்தார், மறுமணம் செய்துகொண்டார், நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர்களின் சங்கத்தில் பல்லாண்டு வேலை செய்தார். 2000ஆம் ஆண்டில்தான் இறந்தார். ஹான்ஸுக்குத் தெருவும் பதக்கமும் வந்தன. இவரைத் தேடிப் படித்தால்தான் தெரிகிறது.

---

முதுகலை மாணவி

செந்தாழை அக்கா, நன்றி. இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. அந்தோனியா ஷ்டெர்ன் என்ற பெயரை இன்னொரு இடத்தில் பார்த்தேன். பைம்லரைக் கொன்றது ஃபிராங்கோ ஆட்கள் இல்லை, சோவியத் ரகசியப் போலீஸ்தான் என்று அவர் சொன்னதாக. அது எந்த அளவுக்கு உண்மை?

---

நெடுவழி

இதற்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள்.

நடந்தது என்று பொதுவாக ஏற்கப்படுவது இது. 1936 டிசம்பர் 1, மாட்ரிட்டின் பல்கலைக்கழக முனை. பைம்லர் முன்னணிக் குழிகளைப் பார்வையிடப் போகிறார். உடன் தேல்மன் பட்டாலியனின் கமிஸார் லூயிஸ் ஷூஸ்டர் (இயற்பெயர் ஃபிரான்ஸ் வேலோ), ரிச்சர்ட் ஷ்டைமர். எதிரியின் பார்வை படும் ஒரு திறந்த இடத்தைக் கடக்கும்போது சூடு. பைம்லரும் ஷூஸ்டரும் செத்தார்கள், ஷ்டைமர் பிழைத்தார்.

ஷ்டெர்ன் பார்சிலோனாவுக்கே போய் விசாரித்து, கட்சியின் ரகசிய அமைப்போடு பைம்லருக்கு மனக்கசப்பு இருந்தது, அதனால் கொன்றார்கள் என்று எழுதினார். 1937 மே மாதத்தில் பார்சிலோனாவில் குடியரசுத் தரப்புக்குள்ளேயே மூண்ட தெருச்சண்டையையும், அதன் பிறகு ஸ்டாலினை எதிர்த்த மார்க்ஸியக் கட்சியான போயும் கட்சியின் தலைவர் ஆந்த்ரேயு நின் கடத்திக் கொல்லப்பட்டதையும் பார்த்தவர்களுக்கு இது நம்பக்கூடியதாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் நின் கொலைக்கு ஆவணம் இருக்கிறது. பைம்லர் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. முன்னணியில் தலை தூக்கியவனைச் சுடுவது அந்தப் போரில் தினமும் நடந்தது. ஸ்டாலினை எவ்வளவு வெறுத்தாலும் ஆதாரம் இல்லாத கொலையை அவர் கணக்கில் எழுத மாட்டேன். எழுத வேண்டிய கொலைகள் ஏராளமாக ஆதாரத்தோடு இருக்கின்றன.

---

பழைய கம்பாசிட்டர்

நெடுவழி, இந்த நேர்மைக்காகவே உங்களோடு இத்தனை காலம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடலை மாட்ரிட்டிலிருந்து பார்சிலோனாவுக்குக் கொண்டுவந்து மொன்ட்ஜூயிக் கல்லறையில் புதைத்தார்கள். இறுதி ஊர்வலத்தில் தெரு நிறைய மக்கள். அடுத்த ஆண்டில் 11ஆம் படையணியில் ஒரு பட்டாலியனுக்கே ஹான்ஸ் பைம்லர் என்று பெயர் வைத்தார்கள்.

---

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. சிலை, தெரு என்று முதல் பதிவில் போகிறபோக்கில் எழுதினேன், அதை விரிக்கிறேன்.

கிழக்கு ஜெர்மனி 1956இல் ஸ்பெயினில் போரிட்டவர்களுக்காக ஹான்ஸ் பைம்லர் பதக்கம் உண்டாக்கியது. பெர்லினுக்கு வெளியே ஹென்னிக்ஸ்டார்ஃபில் இருந்த மின்ரயில் எஞ்சின் தொழிற்சாலைக்கு அவர் பெயர். எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்தவருக்கு அது பொருத்தமான மரியாதை என்றே எனக்குப் படுகிறது. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ராணுவப் பயிற்சிப் போட்டி வைத்து அதற்கும் "ஹான்ஸ் பைம்லர் போட்டி" என்று பெயர் வைத்தார்கள். ஓட்டம், குண்டெறிதல், குறிபார்த்துச் சுடுதல். ஒரு தலைமுறைக்கு அவர் பெயரே பள்ளியில் கட்டாயமாக ஓடவைத்த போட்டியின் பெயர் ஆகிவிட்டது. ஒருவரை மறக்கடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. அந்த அரசுக்கு வேண்டியிருந்தது துப்பாக்கி பிடித்த பைம்லர். விசாரணை இல்லாமல் அடைத்து, அடித்து, தற்கொலை என்று எழுதி மூடும் அரசைப் பற்றிச் சாட்சி சொன்ன பைம்லர் அவர்களுக்கும் வசதியாக இருந்திருக்க மாட்டார்.

மேற்கு ஜெர்மனி அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. கம்யூனிஸ்ட் கட்சியை 1956இல் அங்கே தடையே செய்தார்கள். சுவர் விழுந்த பிறகு பெர்லினில் இருந்த ஹான்ஸ் பைம்லர் தெருவின் பெயரை 1995இல் மாற்றினார்கள். என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? ஓட்டோ பிரவுன் தெரு. நெடுவழி சொன்ன அதே பிரஷ்யப் பிரதமர். 1931இல் சேர வேண்டிய நேரத்தில் சேராத இரண்டு கட்சிகளின் பெயர்களும் அந்தத் தெருப்பலகையில் மோதிக்கொண்டன. இருவரையும் நாட்டைவிட்டு ஓடவைத்தவன் ஒருவன்தான்.

---

மியூனிக் தமிழன்

அண்ணை, அந்தத் தெரு அலெக்ஸாண்டர் சதுக்கத்துக்குக் கிட்ட. நான் நூறு தரம் நடந்திருப்பன், இது தெரியாது.

---

முதுகலை மாணவி

கடைசியாக ஒன்று. இந்தியாவிலிருந்து யாராவது அந்தப் போருக்குப் போனார்களா? மேலும், ட்ரெஸ்ஸலைக் கொன்றவர்கள், பைம்லரை வதைத்தவர்கள், அவர்களுக்கு என்ன ஆனது? யாராவது கேட்டார்களா?

---

பழைய கம்பாசிட்டர்

போனார்கள். நாக்பூர்க்காரர் கோபால் முகுந்த் ஹுத்தார், லண்டனிலிருந்து "ஜான் ஸ்மித்" என்ற பெயரில் பிரிட்டிஷ் பட்டாலியனில் சேர்ந்து, 1938 ஏப்ரலில் பிடிபட்டு, ஃபிராங்கோவின் சிறைமுகாமில் இருந்து மீண்டார். டாக்டர் அடல் மருத்துவராகப் போனார். 1938 ஜூனில் நேருவும் கிருஷ்ண மேனனும் பார்சிலோனா போய்ப் பார்த்துவந்தார்கள். இதற்குத் தனி இழையே போடலாம்.

---

வைகைக்கரை

//யாராவது கேட்டார்களா?//

கேட்டார் ஒருவர். யோசெஃப் ஹார்ட்டிங்கர், மியூனிக் அரசு வழக்கறிஞர், கத்தோலிக்கர், கம்யூனிஸ்டுகளோடு ஒரு தொடர்பும் இல்லாதவர். 1933 ஏப்ரல் 13 அன்றே, அந்த நான்கு இளைஞர்களில் உடனே செத்த மூவரின் பிணங்களைப் பார்க்க முகாமுக்குள் போனார். தப்பி ஓடும்போது சுட்டோம் என்று சொன்னார்கள், அவர் நம்பவில்லை. நீதிமன்ற மருத்துவர் மோரிட்ஸ் ஃப்ளாமைக் கூட்டிப்போய் ஒவ்வொரு உடலையும் ஆராய்ந்து அறிக்கை வாங்கினார். அடுத்த வாரங்களில் ஷ்லோஸ், ஹவுஸ்மன், டாக்டர் ஷ்ட்ராவுஸ், நெஃப்ஸ்கர் என்று சாவுகள் வந்துகொண்டே இருந்தன. ஜூன் 1இல் முகாம் தளபதி ஹில்மார் வெக்கர்லே, முகாம் மருத்துவர், முகாம் அலுவலர் ஒருவர் ஆகியோர் மீது குற்றச்சாட்டுத் தயார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து நான்கு மாதம் ஆன பிறகு, ஒரு அரசு ஊழியர், எஸ்.எஸ். மீது கொலை வழக்கு.

பவேரிய உள்துறை அமைச்சர் அடோல்ஃப் வாக்னர் கோப்பை வாங்கி மேஜைக்குள் பூட்டிக்கொண்டார். வழக்கு நடக்கவில்லை. ஆனால் அந்தச் சலசலப்பில் வெக்கர்லேயைப் பதவியிலிருந்து எடுத்தார்கள்; அவர் இடத்துக்கு வந்த தியோடோர் ஐக்கே அதே கொடுமையை விதிமுறையாக எழுதி எல்லா முகாம்களுக்கும் பரப்பினான். வெக்கர்லே 1941 ஜூலையில் கிழக்குப் போர்முனையில் செத்தார். பைம்லர் தன் நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட காவலன் ஷ்டைன்பிரென்னருக்கு 1952இல் மியூனிக் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது.

ஹார்ட்டிங்கரின் கோப்பு அழியவில்லை. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கையில் கிடைத்து நியூரம்பெர்க் விசாரணையில் சான்றாக வைக்கப்பட்டது. பைம்லரின் நூலையும் இந்தக் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒருவர் கொட்டடிக்குள்ளிருந்து பார்த்ததை, இன்னொருவர் பிணத்தின் மேலிருந்த காயங்களிலிருந்து படித்து எழுதியிருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் சந்தித்ததாக எங்கும் இல்லை. ஹார்ட்டிங்கரைப் பற்றி விரிவாக எழுத மியூனிக் தமிழன் தம்பி அங்குள்ள ஆவணங்களைப் பார்த்துவிட்டு ஒரு இழை தொடங்கினால் நன்றாக இருக்கும்.